புகையை அளக்கச் சொன்னா வயசை அளக்குறாங்க!

பழைய வண்டி மேல் பழி! சிறு விவசாயி தலையில் கட்டணம்!

  

உங்க வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கு என்ன வயசு? பத்தா, பதினைந்தா, இருபதா? நம்மில் எத்தனை பேர் ஷோரூமில் மாலை போட்டு வண்டி எடுத்தோம்? டவுனில் ஒருத்தர் ஓட்டிக் கழித்ததைத்தான் நாம வாங்குறோம். அதுக்கும் நகையை அடகு வைக்கிறோம். அந்த வண்டியில்தான் உரமூட்டை வருது, கரும்பு லோடு போகுது, விடியக்காலையில் காய்கறி சந்தைக்குப் போகுது. ராத்திரியில் வீட்டில் ஒருத்தருக்கு வலி வந்தா ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டிதான்.

இப்போ மத்திய அரசு சொல்லுது: "உன் வண்டி பழசு. பழசுன்னா புகை. புகைன்னா காசு கட்டு. கட்ட முடியலைன்னா காயலான் கடைக்குப் போடு."

நாம ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். என் வண்டி எவ்வளவு புகை விடுதுன்னு நீ அளந்து பார்த்தியா? ஆர்.சி. புக்கில் இருக்கிற வருஷத்தைப் பார்த்துட்டு, சைலன்சரைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதினா அது என்ன நியாயம்?

கட்டணம் ஏறிய கதை

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை அறிவித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 13ஆம் தேதி பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். 10,000 கோடி ரூபாய் முதலீடு வரும் என்றார்கள். யாருக்கு வரும்? உங்க ஊருக்கு வந்துச்சா?

நம்ம ஊருக்கு வந்தது கட்டணம்தான். 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் முடிந்த பைக்குக்குப் பதிவு புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. மூன்று சக்கர வண்டிக்கு 600 ரூபாய் 2,500 ஆனது. காருக்கு 600 ரூபாய் 5,000 ஆனது. வாடகைக்கு, லோடுக்கு ஓடும் வண்டிகள் 15 வருஷம் தாண்டினால் எப்.சி. கட்டணம் இலகு ரகத்துக்கு 7,500, கனரகத்துக்கு 12,500 என்று வைத்தார்கள்.

அதோடு நின்றதா? 2025 ஆகஸ்டில் இன்னொரு அறிவிக்கை. 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் பதிவு புதுப்பிக்க 2,000, மூன்று சக்கரத்துக்கு 5,000, காருக்கு 10,000. 2025 நவம்பரில் எப்.சி. கட்டணத்தையும் மாற்றி, 20 வருஷம் தாண்டிய இலகு ரக லோடு வண்டிக்கு 15,000, நடுத்தர வண்டிக்கு 20,000, கனரக வண்டிக்கு 25,000 என்று அறிவித்தார்கள். முன்னே 15 வருஷத்தில் ஆரம்பித்த கூடுதல் கட்டணம் இப்போ 10 வருஷத்திலேயே ஆரம்பிக்குது. இதுக்கு மேல நம்ம மாநிலத்தில் பழைய வண்டிக்குப் பசுமை வரி தனி.

இத்தனை அறிவிக்கையையும் வரி வரியாகப் படித்துப் பாருங்கள். வயசு இருக்கு, சக்கரம் இருக்கு, எடை இருக்கு. புகையின் அளவு எங்கேயாவது இருக்கா? நல்லா பராமரித்து, புகையே இல்லாமல் ஓடுற 21 வருஷ வண்டிக்கும் 15,000. ரோட்டையே மறைக்கிற மாதிரி கரும்புகை விடுற 21 வருஷ வண்டிக்கும் அதே 15,000. அப்புறம் எவன் செலவு பண்ணி இன்ஜினைச் சரி பண்ணுவான்? காற்றைச் சுத்தம் பண்ணும் சட்டம் இப்படியா இருக்கும்?

சரி, வண்டியைக் கழித்தால் என்ன கிடைக்கும்? கொள்கையில் அவர்களே சொன்ன கணக்கு: புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம். 8 லட்ச ரூபாய் வண்டி என்றால் 32,000 முதல் 48,000 வரை. மீதி ஏழரை லட்சத்துக்கு எங்கே போவது? பாங்க்குக்கு. தவணை தவறினால்? வண்டியைத் தூக்க ஆள் வரும். புகையை ஒழிக்கிறேன் என்று கிளம்பி விவசாயியை ஒழிக்கிற வேலை இது!

புகைப் பரிசோதனை: எதை அளக்குது, எதை விடுது?

"ஏன், அதுக்குத்தான் புகைப் பரிசோதனை இருக்கே" என்பார்கள். இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதி 115 சொல்லுது. சான்று இல்லை என்றால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்லுது. இவ்வளவு பெரிய தண்டனைக்குக் காரணமான அந்தப் பரிசோதனை எப்படி நடக்குதுன்னு நாம தெரிஞ்சுக்கணும்.

டீசல் வண்டி என்றால், கியர் போடாமல், நின்ற இடத்திலேயே, ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். வெளியே வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குது என்று கருவி பார்க்கும். பி.எஸ்.-4க்கு முந்தைய வண்டிக்குப் புகை அடர்த்தி எண் 65 வரை பாஸ். பி.எஸ்.-4 வண்டிக்கு 50 வரை பாஸ். பெட்ரோல் வண்டி என்றால், சும்மா ஓடவிட்டு, சைலன்சரில் குழாயைச் செருகி, கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இதில் மூன்று ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை: சுமை இல்லை. நம்ம வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டா பிழைக்குது? இரண்டு டன் நெல்லை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது வரும் புகை வேற. ஈரக் களிமண்ணில் கலப்பை ஆழமாக இறங்கும்போது வரும் புகை வேற. காளையைக் கொட்டகையில் கட்டி வைத்துப் பார்த்துவிட்டு, இது எத்தனை ஏக்கர் உழும் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது ஓட்டை: நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. டீசல் வண்டிகள் விடும் பெரிய விஷத்தில் அது ஒன்று. நெஞ்சைத் தாக்கும், வெயிலில் ஓசோனாகவும் மாறும். கண்ணுக்குக் கரும்புகையாகத் தெரியாது, அதனால் புகை பார்க்கும் கருவிக்கும் தெரியாது. இன்றைய பி.எஸ்.-6 லாரிகளில் பலவற்றில் இதைக் கட்டுப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா கலந்தது. அந்த ஏற்பாட்டை ஒருத்தர் ஏமாற்றி முடக்கி வைத்துவிட்டு ஓட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு பல மடங்கு கொட்டும். ஆனால் பரிசோதனை மையத்தில் அந்த வண்டி ஜம்முன்னு பாஸ்!

மூன்றாவது ஓட்டை: ஒருநாள் வேஷம். பம்பில் டீசலைக் குறைத்து வைத்துக் காட்டிவிட்டு, சான்று வாங்கியதும் பழையபடி திருப்பி வைக்கலாம். கார்ப்பரேட்டர் பைக்கில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் போதும். இது எந்த மெக்கானிக்குக்குத் தெரியாது?

இதுக்கு மாற்றே இல்லையா? இருக்கு. ஜெர்மனியில் 2023 ஜூலை முதல் பி.எஸ்.-6க்கு இணையான டீசல் வண்டிகளில், சைலன்சரிலிருந்து வரும் நுண்துகள்களை எண்ணுகிற கருவியை வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டரில் 2,50,000 துகளுக்கு மேல் போனால் பெயில். புது வண்டியில் புகை வடிகட்டி உடைந்திருந்தாலோ, காசு மிச்சம் பண்ணக் கழற்றியிருந்தாலோ மாட்டிக்கும். பழைய வகைக் கருவியில் அதே வண்டி பாஸ் ஆகிவிடும் என்பதால்தான் அவர்கள் மாற்றினார்கள். அங்கே கருவியை மாற்றினார்கள், இங்கே கட்டணத்தை மாற்றுகிறார்கள்!

காகிதத்தில் சுத்தம்

அந்த ஓட்டைப் பரிசோதனையாவது ஒழுங்காக நடக்குதா? இது நாம சொல்வது இல்லை, அரசாங்கத்தின் கணக்கைப் பார்க்கிற சி.ஏ.ஜி. சொன்னது. டெல்லியில் காற்று மாசு பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 2025 ஏப்ரல் 1ஆம் தேதி அந்தச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 2015 ஆகஸ்ட் முதல் 2020 ஆகஸ்ட் வரையிலான சான்றுகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அளவுக்கு மேல் புகை விட்ட 1.08 லட்சம் பெட்ரோல், காஸ் வண்டிகளுக்குப் பாஸ் சான்று கொடுத்திருக்கிறார்கள். 76,865 வண்டிகளுக்குச் சோதனையும் சான்றும் ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கு. 7,643 தடவை ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகப் பதிவு இருக்கு. சோதனைக்கு வந்த 22 லட்சம் டீசல் வண்டிகளில் 24 சதவீதத்துக்குப் புகை அளவே பதிவாகவில்லை!

தலைநகரத்தில், உச்ச நீதிமன்றத்தின் கண்ணெதிரில் இந்த லட்சணம் என்றால் நம்ம பக்கத்தில் கேட்கணுமா? போன வருஷம் என் மொபெட்டுக்குச் சான்று எடுக்க ஒரு மையத்துக்குப் போனேன். நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்தார்கள். இன்ஜினை நான் ஸ்டார்ட் பண்ணவே இல்லை, சான்று கையில் வந்துவிட்டது. "அண்ணே, வண்டியைச் சோதிக்கலையா?" என்றேன். "உங்களுக்குச் சான்றுதானே வேணும்?" என்று திருப்பிக் கேட்டார் அந்தத் தம்பி. இந்த நாட்டின் புகைக் கொள்கை முழுசும் அந்த ஒரு கேள்வியில் இருக்கு. அவர்களுக்கு வேண்டியது சான்று. நமக்கு வேண்டியது நல்ல காற்று.

புதுசெல்லாம் உத்தமமா?

2015 செப்டம்பரில் உலகமே பார்த்தது. போக்ஸ்வேகன் கம்பெனி தன் டீசல் கார்களில் ஒரு கள்ள மென்பொருளை வைத்திருந்தது. சோதனை நடக்குது என்று அதுவே கண்டுபிடித்து அப்போது மட்டும் சுத்தமாக ஓடும். ரோட்டுக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு அமெரிக்க அளவைவிட 40 மடங்கு வரை. உலகம் பூராவும் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அத்தனையும் புதுக் கார்! இந்தியாவில் மட்டும் 3 லட்சத்து 23 ஆயிரம் கார்களைத் திருப்பி அழைத்தார்கள். 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் போட்டது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது, மே மாதமே கட்டாய நடவடிக்கை கூடாது என்று உத்தரவு கிடைத்தது. நமக்கு அந்த வசதி உண்டா? பத்தாயிரம் அபராதம் போட்டால் டெல்லிக்கு வக்கீல் வைப்போமா?

2024 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.சி.சி.டி. ஆய்வு இன்னும் முக்கியம். டெல்லியிலும் குருகிராமிலும் ரோட்டோரத்தில் ஒளிக்கற்றை அனுப்பும் கருவி வைத்து, ஓடிக்கொண்டிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளின் புகையை அளந்தார்கள். பி.எஸ்.-6 வண்டிகளிலேயே டாக்சிகள் சொந்தக் கார்களைப் போல 2.4 மடங்கும், இலகு ரக லோடு வண்டிகள் 5 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடு விட்டன. சுத்தமானது என்று விளம்பரம் செய்யப்படும் காஸ் வண்டிகளில் ஒரு ரகம், ஆய்வகத்தில் அனுமதித்த அளவைவிட 14.2 மடங்கு வரை விட்டது. புது வண்டி, பச்சை ஸ்டிக்கர், பெரிய கம்பெனி. ரோட்டில் வந்தால் சாயம் வெளுத்துப்போச்சு!

அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் என்ற விஞ்ஞானி இந்த ரோட்டோரக் கருவியை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவர். அவரும் அவருடைய குழுவும் 1995இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியதன் சாரம் இதுதான்: மொத்தப் புகையில் பெரும்பங்கை விடுவது ஒரு சில வண்டிகள்தான். கார்பன் மோனாக்சைடில் பாதி, ஒரு சிறு பங்கு வண்டிகளிலிருந்தே வருது. புத்தம் புதுக் கார்களில் மோசமான ஐந்தில் ஒரு பங்கு, எவ்வளவு பழைய மாடலிலும் நல்ல நிலையில் உள்ள கார்களைவிட அதிகம் புகைக்குது. ஆக, வயசைவிடப் பராமரிப்பு பெரிசு. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்க்கிறவனுக்கு இது தெரியாதா? பல்லைப் பார்த்து மட்டுமா மாட்டுக்கு விலை பேசுறோம்? நடக்கவிட்டுப் பார்க்கிறோம், ஏர் பூட்டிப் பார்க்கிறோம்.

உண்மையை மறைக்கவில்லை

இதுக்காகப் பழைய வண்டி எல்லாம் சுத்தம் என்று நாம சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அதே 2024 ஆய்வில் பி.எஸ்.-6 சொந்தக் கார்கள், பி.எஸ்.-4 கார்களைவிட 81 சதவீதம் குறைவாக நைட்ரஜன் ஆக்சைடு விட்டன. பஸ்களில் வித்தியாசம் இன்னும் அதிகம். டீசல் கரித்தூளில், வடிகட்டி உள்ள புது வண்டிக்கும் வடிகட்டி இல்லாத பழைய வண்டிக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். தொழில்நுட்பம் முன்னேறியிருக்கு, நல்லது.

ஆனால் கணக்கை முழுசாகப் போடணும். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு புகை என்பது பாதிக் கணக்கு. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது மீதிக் கணக்கு. நம்ம பழைய மினி லாரி புது வண்டியைப் போல 5 மடங்கு புகை விடுது என்றே வைத்துக்கொள்வோம். அது சந்தைக்கும் களத்துக்குமாக வருஷம் 3,000 கி.மீ. ஓடுது. கம்பெனிச் சரக்கு எடுக்கும் புது வண்டி வருஷம் 60,000 கி.மீ. ஓடுது. நம்ம கணக்கு 15,000 பங்கு, அவங்க கணக்கு 60,000 பங்கு. கரித்தூளில் 20 மடங்கு என்று வைத்தாலும் சமமாகத்தான் வரும். ஆனால் 20 வருஷக் கட்டணம் யாருக்கு? நமக்கு. அவர்களுக்கு? புது வண்டி வாங்கினதுக்கு வரிச் சலுகை!

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. 2005இல் வாங்கிய டீசல் வண்டிக்கு அன்று பங்கில் ஊற்றிய டீசலில், பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம் இருந்தது. 2010இல் 350, 2017இல் 50, 2020 ஏப்ரல் முதல் 10. அதே பழைய வண்டி இன்று விடும் கந்தகப் புகை அன்று விட்டதில் ஐம்பதில் ஒரு பங்குதான். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். டீசலைச் சுத்தம் பண்ணியதில் நாட்டில் உள்ள எல்லா வண்டியும் ஒரே நாளில் பலன் அடைந்தது. எந்த விவசாயியும் வண்டியை இழக்கவில்லை. அதுதான் நல்ல கொள்கை.

டிராக்டர்காரர்களே, ஏமாறாதீர்கள்!

டிராக்டருக்கும் 10 வருஷம்தான் ஆயுள், அப்புறம் கழிக்கணும் என்று 2023 வாக்கில் ஒரு வதந்தி பரவியது. அது பொய் என்று மத்திய அரசே அறிவித்தது. விவசாய டிராக்டர் வாடகை வண்டிக் கணக்கில் வராது. முதலில் 15 வருஷம் பதிவு, அதுக்கு அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். அரசாங்கத்தின் சொந்த வண்டிகளைத் தவிர எந்த வண்டிக்கும் ஆயுள் வரம்பு வைக்கவில்லை என்று அந்த விளக்கத்திலேயே இருக்கு.

இது தெரியாததால் என்ன ஆச்சு? "சட்டம் வரப்போகுது, அப்புறம் எடைக்குத்தான் போகும்" என்று புரோக்கர்கள் ஊர் ஊராக வந்தார்கள். நம்ம சங்க உறுப்பினர் ஒருவர் நல்லா ஓடிக்கொண்டிருந்த டிராக்டரைப் பயத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். இன்று மணிக் கணக்கில் வாடகை கொடுத்து உழுகிறார். யாராவது வாசலில் வந்து சட்டம் பேசினால், முதலில் சங்கக் கிளைக்குச் சொல்லுங்கள். அப்புறம் விலை பேசலாம்.

டிராக்டர் விஷயத்தில் வயசுக் கதை இன்னும் கேலிக்கூத்து. டிராக்டருக்கான டிரெம் 3-ஏ என்ற புகை விதி 2010-11இல் வந்தது. அடுத்த விதி 2020 அக்டோபரில் வர வேண்டியது, தள்ளித் தள்ளி 2023 ஜனவரி 1இல்தான் வந்தது. அதுவும் 50 எச்.பி.க்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும். ஆக, 2012இல் நீங்க வாங்கிய 45 எச்.பி. டிராக்டரும், 2024இல் பக்கத்து வயல்காரர் வாங்கிய 45 எச்.பி. டிராக்டரும் ஒரே புகை விதிக்குச் செய்யப்பட்டவை. நடுவில் 12 வருஷம். இதில் எது பழசு, எது புதுசு? கம்பெனிக்கு அவகாசம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, விவசாயிக்கு அவகாசம் கொடுக்க மட்டும் ஏன் மனசு வரலை?

டெல்லியில் நடந்தது நமக்குப் பாடம்

"டெல்லி விவகாரம் நமக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். அங்கே விதைப்பதுதான் இங்கே முளைக்கும். 2014 நவம்பரில் 15 வருஷம் தாண்டிய வண்டி ஓடக்கூடாது என்றது பசுமைத் தீர்ப்பாயம். 2015 ஏப்ரலில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தனைக்கு அப்புறமும் டெல்லியின் காற்று சுத்தமானதா? ஒவ்வொரு கார்த்திகையிலும் பள்ளிக்கூடத்தை மூடுறாங்களே!

ஏன் ஆகலை? கான்பூர் ஐ.ஐ.டி. 2016இல் கொடுத்த அறிக்கையில் பதில் இருக்கு. டெல்லியில் மொத்தமாக வெளியாகும் நுண்தூசியில் ரோட்டுப் புழுதி 38 சதவீதம். எல்லா வண்டிகளும் சேர்ந்து 20 சதவீதம். அந்த இருபதிலும் கிட்டத்தட்டப் பாதி லாரிகள், மூன்றில் ஒரு பங்கு இரு சக்கர வண்டிகள். நோய் ஒரு இடத்தில் இருக்க, சூடு ஒரு இடத்தில் போட்டார்கள்.

2025 ஜூலை 1 முதல் வயசான வண்டிக்குப் பங்கில் பெட்ரோல், டீசல் கிடையாது என்றார்கள். மக்கள் கொதித்ததில் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் வைத்துக் கட்டாய நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4க்கும் அதற்கு மேற்பட்ட வண்டிக்கும் மட்டும் என்று சுருக்கியது. வயசிலிருந்து தரத்துக்கு நீதிமன்றமே ஓரடி நகர்ந்திருக்கு. தரத்திலிருந்து உண்மையான புகை அளவுக்கு இன்னும் ஓரடி வைக்க வேண்டும். அந்த ஓரடிக்குத்தான் நம்ம போராட்டம்.

நம்ம பங்கு என்ன?

புகை கம்பெனிக்காரன் மூக்கில் மட்டும் போவதில்லை. டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் நெஞ்சில்தான் முதலில் போகுது. பின்னாடி விதை போட்டுக்கொண்டு வருகிற பெண்கள் நெஞ்சில் போகுது. அதனால் கோரிக்கை வைக்கிற நாமும் நம்ம வேலையைச் செய்யணும்.

கரும்புகை வந்தால் டீசல் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். புழுதியில் உழுகிற வண்டிக்கு அதுதான் மூக்கு. ஆயில் பாத் பில்டர் என்றால் பழைய ஆயிலைக் கொட்டி, சேற்றைக் கழுவி, புது ஆயில் ஊற்றுங்கள். அப்பவும் தீரவில்லை என்றால் நாசிலையும் பம்பையும் காட்டுங்கள். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரியுது, ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்ச நேரம் வெள்ளைப்புகை வருவது இயல்பு. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் டைமிங்கையும் ஹெட் கேஸ்கட்டையும் பார்க்கணும். கரும்புகை என்பது எரியாமல் போகிற டீசல். அது உங்க காசு, சைலன்சர் வழியா ஆகாசத்துக்குப் போகுது.

எமது கோரிக்கைகள்

1. வயசை வைத்துப் போட்ட 2025 ஆகஸ்ட், நவம்பர் கட்டண உயர்வுகளைத் திரும்பப் பெறு! புகைச் சோதனையில் தேறிய வண்டிக்கு, வயசு எதுவானாலும், ஒரே கட்டணம் வை!

2. நின்ற இடத்து உறுமல் சோதனையை மட்டும் நம்பாதே! ரோட்டோரத்தில் ஓடும் வண்டியை அளக்கும் கருவியைக் கொண்டு வா! நைட்ரஜன் ஆக்சைடையும் நுண்துகளையும் அள!

3. சோதிக்காமல் சான்று கொடுக்கும் மையங்களின் உரிமத்தை ரத்து செய்! புகை அளவையும், அனுமதித்த அளவையும் சான்றில் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடு!

4. ஒன்றியம்தோறும் வருஷத்துக்கு இரண்டு தடவை, உழவுப் பருவத்துக்கு முன்னால் இலவசப் புகைச் சோதனை முகாம் நடத்து! ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட விவசாயிகளுக்கு நாசில், பம்ப் வேலைக்கு மானியம் கொடு!

5. டிராக்டருக்கு ஆயுள் வரம்பு இல்லை என்ற விளக்கத்தை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் தமிழில் எழுதி வை! விவசாய டிராக்டருக்குத் தனியாகக் குறைந்த கட்டணம் என்று விதியில் எழுது!

6. வண்டியைக் கழிக்க விரும்பும் சிறு விவசாயிக்கு நியாய விலையும், மாற்று வண்டிக்கு வட்டியில்லாக் கடனும் கொடு!

7. வருஷம் முழுக்க ஓடும் பெரிய கம்பெனி வண்டிகளிலிருந்து சோதனையை ஆரம்பி!

"விவசாயிகள் சுத்தமான காற்றுக்கு எதிரிகள்" என்று டி.வி.யில் பேசுவார்கள். பேசட்டும். ஏழு கோரிக்கையையும் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சோதனையைக் கடுமையாக்கு என்று கேட்பவர்கள் நாம். கட்டணத்தை வாங்கிக்கொண்டு புகையை விடு என்று சொல்வது அவர்கள். 25,000 கட்டினால் 20 வருஷ லாரி ஓடலாமாம்! காசு கட்டினால் புகை மணக்குமா?

என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு கிளையும் தங்கள் ஊரில் உள்ள பழைய வண்டிகளின் பட்டியலை எழுத வேண்டும். எந்த வருஷத்து வண்டி, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மணி நேரம் ஓடுது, கடைசியாகக் கட்டிய கட்டணம் எவ்வளவு, புகைச் சான்றில் இருக்கும் அளவு என்ன, உண்மையில் குழாயைச் செருகிச் சோதித்தார்களா, இந்த ஐந்து விவரம் போதும். ஆர்.சி. புக்கையும் புகைச் சான்றையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்துப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

அந்தப் பட்டியலோடு, அந்த வண்டிகளிலேயே ஏறி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோம். நாளும் நேரமும் கிளைக் கூட்டத்தில் சொல்லப்படும். அன்றைக்கு எல்லார் முன்னாலும் நம்ம வண்டிகளைச் சோதிக்கச் சொல்லிக் கேட்போம். தேறாத வண்டியைச் சரி பண்ணி மறுபடி கொண்டு வருவோம். தேறிய வண்டிக்கு எதுக்கு அபராதக் கட்டணம் என்று அதிகாரி பதில் சொல்லட்டும். வண்டி இல்லாத விவசாயக் கூலித் தோழர்களும் வாருங்கள். வாடகை ஏறினால் உங்க கூலியிலும்தான் அது விழும்.

அளக்க வேண்டியது புகையை! வயசை அல்ல!
பிடிக்க வேண்டியது போலிச் சான்றை! ஏழை விவசாயியை அல்ல!
திரண்டு வாரீர்! வண்டியோடு வாரீர்!


சங்கச் செயலாளர்